அண்ணன் தலையில் என் பை

கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் கூடவே கையும் காலும் போய்விடும் என்று எங்கள் வீட்டில் ஒரு நினைப்பு. நாமக்கல்லில் ஆபரேஷன் செய்த டாக்டரம்மா, சில மாதம் கழித்து என்னைச் சோதித்துப் பார்த்துவிட்டு, இனி எல்லா வேலையும் செய்யலாம், நன்றாக நடங்கள் என்று தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார். என் வீட்டுக்காரரும் பக்கத்தில் நின்று மண்டையை மண்டையை ஆட்டிக் கேட்டார். மலையேறி எங்கள் ஊர் செம்மேடு வந்து சேர்வதற்குள் மனிதர் அவ்வளவையும் மறந்துவிட்டார். குடத்தைத் தூக்கப் போனால் பிடுங்கிக்கொள்வார். விறகுக் கட்டில் கை வைத்தால் "வெய்யி, கீழ வெய்யி" என்று ஓடி வருவார். பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. பாசத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா? பார்க்க வந்த அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் என்னை மேலும் கீழும் பார்த்து "பாவம்" என்றார்கள். நாற்பத்து மூன்று வயதில், மூன்று வேளையும் நன்றாகத் தின்றுகொண்டிருக்கிற ஒருத்தியைப் பார்த்துப் பாவம் என்றால் வாயில் என்ன வரும்? வந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவர்கள் வருவது குறைந்தது.

டாக்டரம்மா சொன்னபடி விடிகாலையில் ரோட்டில் நடந்தேன். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; ஒருநாள் வளப்பூர் நாட்டுப் பக்கம் போகிற பஸ் என்னைத் தாண்டிப் போய் வளைவில் நின்றது. யோசிக்காமல் ஓடிப் போய் ஏறிவிட்டேன். உட்கார்ந்து மூச்சு வாங்கும்போதுதான் உறைத்தது, உடம்பில் எதுவும் அறுந்து விழவில்லை. அன்று முதல் நடப்பதை விட்டுவிட்டு ஓடத் தொடங்கினேன். மேடு, பள்ளம், ஒற்றையடிப் பாதை என்று எதையும் விடவில்லை. என் மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். அவள்தான் ஓடுகிற ஷூ ஒன்று வாங்கி அனுப்பினாள். செம்மேட்டுக் கடைவீதியே என்னை வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும். கண் அவர்களுடையது, கால் என்னுடையது.

இதற்கிடையில் வீட்டுக்காரர் ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். வளப்பூர் நாட்டில், நான் பிறந்த ஊரை ஒட்டி எங்களுக்கு ஒரு மிளகுத் தோட்டம் இருக்கிறது. வாங்கியது அவர், வளர்த்தது நான். அவர் பிக்கப் வண்டி ஓட்டிக்கொண்டு சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் அலைந்துகொண்டிருந்த காலத்தில், ஒவ்வொரு சில்வர் ஓக் மரத்தடியிலும் கொடியை நட்டு, மரத்தோடு சேர்த்துக் கட்டி, ஏற்றிவிட்டவள் நான். காய் பறிக்க மூங்கில் ஏணியில் உச்சிவரை ஏறினவளும் நான். அந்தத் தோட்டத்தைக் குத்தகைக்கு விடப்போவதாக ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். வேற்று ஆளுக்கு இல்லையாம், என் சொந்த அண்ணனுக்குத்தானாம். நீ இனிமேல் ஏணி ஏறி என்ன செய்யப்போகிறாய், உட்கார்ந்து ஓய்வெடு என்றார். எனக்குக் காது இரண்டும் கொதித்தன. கேட்டுவிட்டுச் செய்ய வேண்டிய காரியத்தைச் செய்துவிட்டுச் சொல்கிறவர்களிடம் நான் என்றைக்கும் நிதானமாகப் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை.

அந்த வாரம்தான் செம்மேடு பஸ் ஸ்டாண்டில் மலைப்பாதை மாரத்தான் என்று பேனர் கட்டியிருந்தார்கள். எங்கிருந்தோ வந்த பட்டணத்துக்காரர்கள் நடத்துகிற ஓட்டம். செம்மேட்டில் தொடங்கி, தோட்டங்களுக்குள் இறங்கி, ஓடையைத் தாண்டி, வளப்பூர் நாட்டு ஊர்கள் வழியாகப் போய், அப்புறம் ஒரு செங்குத்து மலை மேல் ஏறி, சுற்றிக்கொண்டு செம்மேட்டுக்கே திரும்ப வேண்டும். முழுதாக நாற்பத்திரண்டு கிலோமீட்டர். சண்டையின் நடுவே, இதில் ஓடப்போகிறேன் என்று நான் சொன்னதும் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். சிரித்தது மட்டுமல்ல, வாயையும் கொடுத்துவிட்டார்.

"அத நீ ஓடி முடிச்சுட்டு வா புள்ள. அப்புறம் தோட்டத்தப் பத்தி நான் ஒரு வார்த்த பேசறனான்னு பாரு" என்றார்.

நான் மறுநாளே பெயரைக் கொடுத்துவிட்டேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. சொன்ன வார்த்தையை மாற்றவும் முடியாமல், போகாதே என்று தடுக்கவும் முடியாமல், ஓட்டம் வரைக்கும் வீட்டுக்குள் முழித்துக்கொண்டு திரிந்தார்.

ஓட்டத்துக்கு ஆயிரம் விதி. அதில் முக்கியமானது முதுகுப் பை. தண்ணீர், விசில், மழைக்கோட்டு, காயத்துக்குக் கட்டுத்துணி எல்லாம் அதில் இருக்க வேண்டும். தொடக்கம் முதல் முடிவு வரை ஓடுகிறவர் முதுகிலேயே இருக்க வேண்டும். வெளியாள் யாரும் கை கொடுக்கக் கூடாது; கொடுத்தால் நம்பர் ரத்து. மைக்கில் இரண்டு தடவை சொன்னார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. ஒன்றரை வருடமாக என் கையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்த உலகத்தில், உன் சுமையை நீயேதான் சுமக்க வேண்டும் என்று ஒருத்தர் சொன்னால் பிடிக்காதா பின்னே?

பனி விலகாத விடிகாலையில் ஓட்டம் தொடங்கியது. பட்டணத்துப் பிள்ளைகள் மான்குட்டிகளாகத் துள்ளிக்கொண்டு முன்னால் போனார்கள். போங்கள் சாமி என்று விட்டுவிட்டேன். ஓடைக்கு இறங்குகிற வழுக்குப் பாறையில் அவர்களில் பாதிப் பேர் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்துகொண்டிருந்தார்கள். நான் பக்கவாட்டில் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தேன். வயிறு வலிக்கவில்லை. மூச்சு சீராக இருந்தது. ஓடையைத் தாண்டி மேலேறும்போது, இதை முடித்துவிடுவேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. தோட்டம் எனக்குத்தான். வாய்விட்டே சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் என் பிறந்த ஊர் எல்லை வந்தது. அங்கே என் அண்ணன் நின்றார்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கட்டிக்கொடுத்த பெண், பிறந்த ஊருக்குச் சுமையோடு நுழையக் கூடாது. எல்லைக் கல்லருகே உடன்பிறந்தவன் வந்து நின்று சுமையை வாங்கிக்கொள்ள வேண்டும். அவள் கைவீசிக்கொண்டு உள்ளே போவாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் எங்கள் ஊருக்குள் ஒரு மஞ்சப்பையைக்கூடத் தூக்கிக்கொண்டு போனதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் என் அண்ணன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து வாங்கியிருக்கிறார். தங்கை சுமையோடு உள்ளே வந்துவிட்டால் ஊரில் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள்: பொறந்தவன் செத்தா போயிட்டான்?

நான் ஓடுவதை அண்ணனிடம் சொல்லவில்லை. வீட்டுக்காரர்தான் போன் செய்து, உங்கள் தங்கச்சி அந்த வழியாகத்தான் ஓடி வருகிறாள், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். பார்த்துக்கொள்ளவாம்! அண்ணன் கிழங்குக் காட்டு வேலையைப் போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, காலையிலிருந்தே கல்லருகே காத்திருக்கிறார். அவருக்குப் பின்னால் பாதி ஊர் நின்றது.

தூரத்திலேயே கையை ஆட்டி வேண்டாம் என்றேன். வாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு அவரும் கையை ஆட்டினார். பக்கத்தில் போனதும், பையைத் தொடாதீர்கள் அண்ணா, இது பந்தயம் என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். அவர் அதற்குள் பின்பக்கமாக வந்து வாரைப் பிடித்துவிட்டார். நான் ஒரு பக்கம் இழுக்க, அவர் ஒரு பக்கம் இழுக்க, நடுரோட்டில் பெரிய கூத்தாகிவிட்டது.

"நான் கல்லாட்டம் நிக்கறப்ப நீ சுமந்துட்டு ஊருக்குள்ள போவியா? உடு கண்ணு" என்றார்.

வியர்வையில் தோள் வழுக்கி, பை அவர் கையோடு போய்விட்டது. வாங்கியவர் சும்மா கையில் பிடித்திருந்தாலும் பரவாயில்லை. மடித்த துண்டைத் தலையில் வைத்து, அதன்மேல் பையை ஏற்றிக்கொண்டு, தெரு நடுவே விறுவிறுவென்று முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டார். இரண்டு பக்கமும் ஆட்கள். நான் பின்னால் கத்திக்கொண்டே ஓடுகிறேன். எனக்கு வெட்கம், அதனால்தான் கத்துகிறேன் என்று ஊர் நினைத்துக்கொண்டது. ஒரு அக்கா என் கையில் பலாச்சுளையைத் திணிக்க வந்தார். கோபத்தில் அதைத் தட்டிவிட்டுப் போய்விட்டேன்.

ஊரின் மறுகோடியில் ஓட்டக்காரர்களின் சோதனைச் சாவடி. சாமியானாவுக்குக் கீழே கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். என் அண்ணன் நேரே அவரிடம் போய், பையை இறக்கி மேசைமேல் வைத்து, இது என் தங்கச்சியோடதுங்க, பத்திரமாகக் கொண்டு வந்துவிட்டேன் என்று சிரித்தார். திருடன் தன் காலாலேயே ஸ்டேஷனுக்குப் போய்ப் பொருளை மேசைமேல் வைத்த மாதிரி இருந்தது எனக்கு.

அந்த அம்மாள் எழுந்து நின்று, ரொம்ப மரியாதையாக, சாரிங்க, உங்கள் நம்பர் ரத்து என்றார். நான் வழக்கத்தைச் சொன்னேன். எல்லைக் கல்லைச் சொன்னேன். நானாகக் கொடுக்கவில்லை, பிடுங்கிக்கொண்டார் என்று சொன்னேன். பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார்.

"ரொம்ப அழகான பழக்கம்ங்க" என்றார். சொல்லிவிட்டு, கறுப்பு மார்க்கரை எடுத்து என் மார்பில் குத்தியிருந்த நம்பரின் மேல் குறுக்கே இரண்டு கோடு போட்டார்.

அழகான பழக்கமாம். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எங்கள் வழக்கத்தை மெச்சிக்கொண்டே அதைச் செய்ததற்கு என்னை வெளியே தள்ளுகிறவரிடம் என்ன பேச? எங்கள் ஊர் வழியாகத்தானே ஓடுகிறீர்கள், எங்கள் காட்டுக்குள்தானே ரிப்பன் கட்டியிருக்கிறீர்கள், ஒரு வார்த்தை ஊரில் வந்து சொல்லிவிட்டுச் செய்தால் என்ன குறைந்துபோகும் என்று கேட்டேன். அதற்கும் தலையை ஆட்டி, அடுத்த வருடம் கவனிக்கிறோம் என்றார். செம்மேட்டுக்கு ஜீப் போகிறது, ஏறிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

அண்ணனுக்கு அப்போதுதான் புரிந்தது. முகம் சுண்டிப் போயிற்று. மேசைமேல் இருந்த பையைப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கோ வந்த ஆத்திரத்தில் கண் மண் தெரியவில்லை.

"தோட்டத்தப் புடுங்கறதுக்குத்தான் பையப் புடுங்குனீங்களா அண்ணா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டேன்.

அவர் தலைத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். நான் பையை எடுத்து மாட்டிக்கொண்டு, ஜீப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ரிப்பன் கட்டிய மலைப்பாதையில் ஏறத் தொடங்கினேன். நம்பர் இருந்தால் என்ன, போனால் என்ன, மலை அங்கேயேதானே இருக்கிறது. நாற்பத்திரண்டு கிலோமீட்டரையும் முடிக்கிறேன் என்று சொன்னேன், முடிப்பேன்.

கொஞ்ச தூரம் போனதும் பின்னால் ரப்பர் செருப்புச் சத்தம். அண்ணன்தான். திரும்பிப் போகச் சொன்னேன். நின்றார், நான் நடந்ததும் மறுபடி சத்தம் கேட்டது. அந்த ஏற்றம் சாதாரண ஏற்றமில்லை. புல்லைப் பிடித்தால் புல் கையோடு வரும், கல்லில் கால் வைத்தால் கல் உருளும். ஓடவெல்லாம் முடியாது, தொடையில் கையை ஊன்றி ஊன்றித்தான் ஏற வேண்டும். மேலே போகப் போகக் காற்று முகத்தில் அறைந்தது. ஏறுகிற மூச்சிலேயே அவரைத் திட்டிக்கொண்டும் போனேன். சின்ன வயதில் என் பங்கு வெல்லத்தைத் தின்றதிலிருந்து தொடங்கி ஒன்றுவிடாமல் திட்டினேன். திட்டத் திட்ட ஏறுவது லேசாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே சறுக்கிவிட்டேன். முழங்கால் பாறையில் இடித்து, இடது தொடை முறுக்கிக்கொண்டது. மல்லாந்து கிடந்தேன். அண்ணன் பதறிக்கொண்டு மேலே வந்து கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. கையைப் பின்னால் இழுத்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அப்படியே நின்றார். இனித் தொட்டாலென்ன, தொடாவிட்டாலென்ன, நம்பர்தான் போய்விட்டதே. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் தொடவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு அதைப் பார்த்ததும் இன்னும் கோபம் வந்தது. அழ வேண்டியவள் நான்.

பையிலிருந்த துணியை எடுத்து முழங்காலைச் சுற்றிக் கட்டினேன். தொடையை அமுக்கிவிட்டுக்கொண்டு மெதுவாக எழுந்து நின்றேன். அப்போதுதான் அண்ணன் வாயைத் திறந்தார்.

"அந்தத் தோட்டம் எனக்கு வேண்டாம்னு மாப்ளகிட்டப் போன மாசமே சொல்லிட்டேன் சாமி. அது நீ வெச்ச கொடி. நான் எப்புடி அதுல ஏணி சாத்துவேன்?"

 போன மாதமே சொல்லியிருக்கிறார். அப்படியானால் என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகும் தினமும் என்னிடம், மச்சானிடம்தானே விடுகிறேன், வேற்று ஆளுக்கா விடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாரே, அது என்ன? கேட்டேன். வேறு ஒருவரிடம் பேசிக்கொண்டிருப்பார் போல என்று அண்ணன் தரையைப் பார்த்துச் சொன்னார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, புருஷன் பெண்டாட்டி நடுவில் நான் எப்படிக் கண்ணு வருவது என்றார். ஊர் நடுவே நான் அப்படிக் கேட்டபோதுகூட இதைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டு வந்த மனிதர் இவர். நல்லவர்தான். இந்த நல்லவர்களின் வாயை யார் தைத்துவிட்டார்களோ தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவரைத் திட்டவில்லை. திட்ட வேண்டிய ஆள் செம்மேட்டில் இருந்தார். இறக்கத்தில் கால் நொண்டி நொண்டி ஓடினேன். அண்ணன் செருப்பு அறுந்து வெறுங்காலோடு வந்தார். தண்ணீரை நீட்டினேன், பையைத் தொடாமல் புட்டியை மட்டும் வாங்கிக் குடித்தார். ஓட்டத்துக்குக் குறித்த நேரம் முடிந்து வெகுநேரம் ஆகிவிட்டது. பாதையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. ரிப்பன்களை அவிழ்த்துக்கொண்டு வந்த ஆட்கள்கூட எங்களை முந்திப் போனார்கள்.

செம்மேட்டு மைதானத்தில் முடிவு வளைவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கக் கம்பம் மட்டும் நின்றது. அதைத் தாண்டி நடந்தேன். மேசையில் இருந்தவர் என் நம்பரில் இருந்த கோட்டைப் பார்த்துவிட்டு, பதக்கம் கிடையாதுங்க என்றார். பதக்கத்தைக் கேட்டது யார்? வீட்டுக்காரர் பிக்கப் வண்டியில் சாய்ந்தபடி நின்றிருந்தார். சாவடியிலிருந்து வந்த ஜீப்காரர்கள் சொல்லி அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. என் முழங்காலைப் பார்த்ததும் ஓடி வந்தார். உட்காரு, உட்காரு என்றார். நான் நின்றேன். முடித்துவிட்டேன், இனித் தோட்டத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "அவங்களே கணக்குல இல்லன்னுட்டாங்களே புள்ள" என்றார்.

அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்துவிட்டது. நீங்கள் என்னிடம் சொன்னது ஓடி முடித்துவிட்டு வா என்றுதான், அவர்களிடம் பதக்கம் வாங்கிக்கொண்டு வா என்று இல்லை என்றேன். அண்ணனுக்கு விடுகிறேன் என்று ஒரு மாதமாகப் புளுகியதைக் கேட்டேன். வேறு யாரிடம் பேசியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். மைதானத்தில் கம்பம் கழற்றியவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் முதலில் சமாளித்தார், அப்புறம் தரையைப் பார்த்தார். ஆபரேஷன் அறைக்கு வெளியே நான் உட்கார்ந்திருந்தது உனக்குத் தெரியுமா, இன்னொரு தடவை அப்படி உட்கார என்னால் ஆகாது என்று முணுமுணுத்தார். அது உண்மைதான். எனக்கும் நெஞ்சு இளகத்தான் செய்தது. ஆனால் உள்ளே படுத்திருந்தவள் நான். என் பயத்தை நானே பார்த்துக்கொண்டேன்; அவர் பயத்துக்கு என் தோட்டத்தை எழுதிக் கொடுக்க முடியாது. அதையும் சொன்னேன்.

அண்ணன் வெறுங்காலோடு அவர் முன்னால் வந்து நின்றார். மாப்பிள்ளையிடம் ஒரு நாளும் குரல் உயர்த்தாத மனிதர்.

"மாப்ள, நான் பொறத்தாலயே வந்தனுங்க. உழுந்தா, எந்திரிச்சா. நான் தொடல. பைய ஒரே தரம் தொட்டேன், அது எம் முறை. மிச்ச மலையெல்லாம் அவளாத்தான் ஏறுனா. இதுக்கு மேல என்னங்க கணக்கு வேணும்?"

 வீட்டுக்காரர் வண்டிக் கதவைத் திறந்துவிட்டார். மூவரும் வீட்டுக்கு வந்தோம். சரி என்ற ஒரு சொல் அன்றும் அவர் வாயிலிருந்து வரவில்லை, மறுநாளும் வரவில்லை.

முழங்கால் ஆறியதும், மிளகு பழுக்கத் தொடங்கிவிட்டது என்று அண்ணனிடமிருந்து போன் வந்தது. யாரிடமும் கேட்காமல் விடிகாலையில் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினேன். பின்னாலேயே பிக்கப் வண்டி வந்து நின்றது. நான் ஏறிக்கொண்டேன். தோட்டத்தில் இறங்கி, மூங்கில் ஏணியை எடுத்து ஒரு சில்வர் ஓக் மரத்தில் சாத்தினேன். கணுவிலேயே கால் வைத்து ஏறுகிற ஒற்றை மூங்கில் ஏணி அது; கீழே ஒருவர் நின்று அழுத்திப் பிடித்தால்தான் மேலே ஏற முடியும். வளர்ந்த ஆம்பிளை ஏறினாலும் பிடிக்கத்தான் வேண்டும். கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு முதல் கணுவில் கால் வைத்தேன்.

வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து, நான் வேண்டுமானால் ஏறட்டுமா என்று கேட்டார். வாழ்நாளில் வண்டியைத் தவிர எதிலும் ஏறியறியாத மனிதர்.

"உங்களுக்கு ஏறத் தெரியாதுங்க. ஆட்டாமப் புடிங்க" என்றேன்.

பிடித்தார்.